வெளியூர்க்காரருக்குச் சென்னை எங்கே பிடிபடுகிறது? தெரு நிகழ்வுகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

வேலைக்காகச் சென்னைக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியும், தாம் குடியிருக்கும் வார்டின் எண் தெரியாதவர்கள் ஏராளம். அலுவலகத்துக்குப் போகிற வழி தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு எங்கே போவது என்று தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிளாம்பாக்கத்தில் தம் ஊர்ப் பேருந்து எங்கே நிற்கும் என்று தெரியும். இவற்றுக்கு நடுவே கிடக்கும் நகரத்தை அவர்கள் ஷேர் ஆட்டோவின் ஓரத்திலிருந்தும் மெட்ரோ ஜன்னலிலிருந்தும் பார்த்துக்கொண்டே கடந்து போகிறார்கள். அக்கறை இல்லை என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கே போய் நின்றால் இந்த நகரம் நம்மைச் சேர்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆண்டுதோறும், பெரும்பாலும் காசு வாங்காமல், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சென்னையில் நடக்கும் சில நிகழ்வுகளை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். புதிதாக வந்த ஒருவருக்கு அவை இந்த நகரத்தை எவ்வளவு தூரம் திறந்துவிடுகின்றன என்பதுதான் கேள்வி. மையமாக, நகரத்தின் பிறந்தநாளையொட்டி ஆகஸ்டில் நடக்கும் மெட்ராஸ் வாரம். அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆமை நடை, மயிலாப்பூர் அறுபத்து மூவர், திருவல்லிக்கேணியின் இஃப்தார் பந்தி, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. நானும் தென்மாவட்டத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவன்தான். இவற்றில் பெரும்பாலானவற்றில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறேன்.

கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கக் கூப்பிடும் நிகழ்வு நகரத்தைப் பற்றிய செய்திகளைத் தருகிறது. கையில் ஒரு வேலையைக் கொடுக்கும் நிகழ்வு நகரத்தையே தருகிறது. இந்த வேறுபாட்டை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

இறங்கும் இடம் மாறிய கதை

ஒரு சின்னப் பின்னணி இங்கே வேண்டும். 2002 வரை வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனைப் பக்கம்தான் வந்து நின்றன. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ முதன்முதலாக வருகிறவர், உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களுக்கு எதிரே, ஜார்ஜ் டவுனின் இரைச்சலுக்குள் இறங்கினார். நகரத்தின் மிகப் பழைய வணிகப் பகுதி அவர் முகத்தில் அறைந்தது. அதன் பிறகு பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் இப்போது மாநகராட்சி எல்லைக்கு வெளியே இறங்குகிறார்கள். அங்கிருந்து ஒரு கேப் பிடித்து, நாவலூரிலோ சோழிங்கநல்லூரிலோ ஒரு பி.ஜி. வாசலில் போய் நிற்பவர், பழைய சென்னையைக் கண்ணாலும் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்துவிட முடியும். முன்பு வருகையே ஒரு அறிமுகமாக இருந்தது. இன்று அந்த அறிமுகத்தை யாராவது முனைந்து செய்து வைக்க வேண்டியிருக்கிறது. இந்த நிகழ்வுகளுக்கு முன்பைவிட இப்போது அதிக முக்கியத்துவம் இருப்பதாக நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

மெட்ராஸ் வாரம்

1639 ஆகஸ்ட் 22 அன்று, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கடலோர மணல்வெளி கிடைத்தது. கம்பெனியின் பக்கம் பிரான்சிஸ் டே. இருவருக்கும் நடுவே பேச்சை மொழிபெயர்த்தவர் பேரி திம்மப்பா. அந்த மாதம் ஜூலையா ஆகஸ்டா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. எப்படியும் 2004-இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகிய மூவரும் ஆகஸ்ட் 22-ஐ நகரத்தின் நாளாகக் கொண்டாடலாம் என்று தொடங்கினார்கள். முத்தையா 1991 முதல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழை நடத்தி வந்தவர். 2019 ஏப்ரலில் காலமாகும் வரை இந்த நகரத்தின் வரலாற்றை வாராவாரம் எழுதிக் குவித்தவர். பிறகு வரலாற்று எழுத்தாளர் வி. ஸ்ரீராம் போன்றவர்களும் சேர்ந்தார்கள். ஒரு நாள் விழா ஒரு வாரமாயிற்று. இன்று ஆகஸ்ட் மாதம் முழுவதும் பரவிக் கிடக்கிறது.

இதன் அமைப்புதான் என்னை ஈர்த்தது. மெட்ராஸ் வாரத்துக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. பொது நிதி கிடையாது. தொடங்கிவைத்தவர்கள் தங்களைத் தூண்டிவிடுகிறவர்கள் என்று மட்டுமே சொல்லிக்கொண்டார்கள். ஒரு பள்ளிக்கூடம் தன் பேட்டையைப் பற்றிப் படக் கண்காட்சி வைக்கலாம். ஒரு நூலகம் பேச்சுக்கு ஏற்பாடு செய்யலாம். நான்கு நண்பர்கள் சேர்ந்து தம் தெருவைச் சுற்றிக்காட்டலாம். தேதியையும் இடத்தையும் தெரியப்படுத்தினால் அது மெட்ராஸ் வார நிகழ்வு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம். இருபது ஆண்டுகளைத் தாண்டியும் இது நிற்கிறதென்றால், ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் தொடரும்படி அமைந்ததுதான் காரணம். 2022-இல் மாநகராட்சியும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மேடை போட்டுப் பெரிதாகக் கொண்டாடியது. எனக்கு அந்தப் பெரிய மேடையைவிட, முப்பது பேர் கூடும் காலை நடையே மேல்.

ஜார்ஜ் டவுனில் ஒரு காலை நடை

அந்த நடைகளில் ஜார்ஜ் டவுன் நடையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆறரை, ஏழு மணிக்கே தொடங்கிவிடும். ஒன்பதானால் கைவண்டிகளும் மீன்பாடி வண்டிகளும் தெருவை எடுத்துக்கொள்ளும். பிறகு நின்று கதை சொல்ல இடமிருக்காது. ஆர்மீனியன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம். உள்ளே நுழைந்தால் நடைபாதையிலேயே கல்லறைக் கற்கள், தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். கட்டிய சமூகம் நகரத்தை விட்டுப் போய்விட்டது. மணிகள் இன்னும் ஒலிக்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தம்புச் செட்டித் தெரு, காளிகாம்பாள் கோயில். 1677-இல் சிவாஜி வந்து வணங்கினார் என்பது கோயிலின் கூற்று. பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் பவளத்தைக் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் இருந்தார்கள். தங்கசாலையில் கம்பெனியின் நாணயச் சாலை இருந்தது. இன்று அந்தத் தெருவிலும் சௌகார்பேட்டையிலும் காதில் விழுவது மார்வாடியும் குஜராத்தியும்.

புதிதாக வந்தவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? பழங்கதை கிடைக்கிறது, அது இருக்கட்டும். அதைவிடப் பெரிய வரவு ஒன்று உண்டு. தனியாகப் போனால் வெறும் நெரிசலாகத் தெரிகிற இடத்துக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது அந்த நடையில்தான் புலப்படுகிறது. கண்ணாடிக்கு ஒரு தெரு, காகிதத்துக்கு ஒரு தெரு, இரும்புச் சாமானுக்கு ஒரு தெரு. கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனதும் அந்தப் பேட்டையின் விடியற்காலையே மாறிப்போனது என்று ஒருவர் நின்று சொல்லும்போது, கோயம்பேட்டில் தக்காளி வாங்குகிற வெளியூர்க்காரருக்கு இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு கோடு கிடைக்கிறது. அப்படிப் பல கோடுகள் சேர்ந்தால்தான் மனதில் ஒரு வரைபடம் உருவாகும். திசைகாட்டும் செயலியால் அதைத் தர முடியாது. அது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான்.

ஆனால் நடை முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுகிறோம். வழிகாட்டி பேசினார், நாம் கேட்டோம், படம் எடுத்தோம், ஒரு பழைய ஓட்டலில் பொங்கல் வடை சாப்பிட்டோம். பக்கத்தில் நடந்தவரின் பெயர்கூடத் தெரியாமல் திரும்புவது சாதாரணம். பல நடைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன என்பதும் உண்மை. கேள்வி கேட்க நினைத்தும் ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கிப் பின்வரிசையில் நின்ற இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டின் தலைநகரைத் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய ஆங்கிலம் எதற்கு? தமிழில் நடக்கும் நடைகளும் பேச்சுகளும் ஆண்டுக்காண்டு கூடி வருகின்றன. அவை போதாது.

1639 என்ற தேதியைப் பற்றிய மறுப்பையும் இங்கே சொல்ல வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர், திருவான்மியூர் எல்லாம் கம்பெனி வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே பேரோடு விளங்கிய ஊர்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகம், அந்த ஊரின் விழாக்களைப் பட்டியலாகவே தருகிறது: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஓர் ஊரை அதன் விழாக்களைக் கொண்டு அறிவது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று சென்னையில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே மறுப்பு நியாயமானது. கம்பெனி எழுதிக்கொண்ட ஒரு பத்திரத்தை நகரத்தின் தொடக்கம் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதி வரலாறு மறைந்துபோகும்.

ஆமை நடை

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரை மணலில் நடக்கிறார்கள். நடத்துவது மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, 1988-இல் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1970-களில் சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் மெட்ராஸ் கரையில் ஆமைக் கூடுகளைத் தேடி நடந்திருக்கிறார்கள். தேடுவது பங்குனி ஆமையின் தடத்தை. ஆலிவ் ரிட்லி என்று பாடநூல்கள் சொல்லும் ஆமைதான். கரையோர மக்களின் வாயில் அது பங்குனி ஆமை.

முதலில் ஒருவர் விளக்கம் சொல்வார். டார்ச் கூடாது, போன் வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. பெண் ஆமை கரையேறி, பின்னங்கால்களால் குழி தோண்டி, நூற்றுக்கும் மேல் முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மிச்சம் கிடப்பது மணலில் ஒரு வண்டித்தடம் போன்ற கோடுதான். அதைக் கண்டுபிடித்து, கூடு எங்கே என்று குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்து, கரையில் வேலியிட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். விட்டுவைத்தால் நாய்கள் தோண்டிவிடும். தப்பிப் பொரிந்தாலும், கடற்கரைச் சாலையின் விளக்குகளைப் பார்த்துக் குஞ்சுகள் கடலுக்கு எதிர்த் திசையில் ஊர்ந்துவிடும். சுமார் 45 நாள் முதல் இரண்டு மாதத்துக்குள் குஞ்சுகள் வெளிவரும்.

இந்த நடையில் மணிக்கணக்கில் மணலில் கால் புதைய நடக்கிறோம். ஆமையைக் காணாமலே திரும்பும் இரவுகள்தான் அதிகம். இருந்தும் மெட்ராஸ் வார நடையைவிட இது ஆழமாக இறங்குகிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன்.

முதல் காரணம், எல்லோருக்கும் கண்களில் வேலை இருக்கிறது. தடத்தை வழிகாட்டிதான் பார்க்க வேண்டும் என்றில்லை. நேற்று சென்னைக்கு வந்தவர் முதலில் பார்த்துவிடலாம். அந்தக் கணத்தில் அவர் விருந்தாளி இல்லை. கொட்டிவாக்கம், திருவான்மியூர், ஊரூர் என்று ஒவ்வொரு குப்பமாகக் கடக்கிறோம். இழுத்து வைத்த படகுகள், வலைக் குவியல்கள், விடிவதற்கு முன்பே கடலுக்குப் புறப்படத் தயாராகும் மீனவர்கள். பகலில் கடற்கரையை வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு அது பொழுதுபோக்கும் இடம். இரவில் இப்படி நடந்தவருக்கு அது யாரோ வாழும் இடம், யாரோ உழைக்கும் இடம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் இறந்த ஆமைகள் பெருமளவில் ஒதுங்கியபோது, ஒருமுறையாவது அங்கே நடந்தவர்களுக்கு அது செய்தித்தாளின் ஒரு பத்தியாக இருந்திருக்காது. தம் கரையில் நடந்ததாகவே பட்டிருக்கும்.

இன்னொரு காரணத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் சந்திக்கும் முதல் கேள்விகள் எவை என்பது நமக்குத் தெரியும்: சைவமா, எந்த ஊர், நீங்க என்ன ஆளுங்க, கல்யாணம் ஆகிவிட்டதா. நகரத்தின் முதல் முகமே இப்படி ஒரு விசாரணையாக அமைந்துவிடுகிறது. இருட்டில் வரிசையாக நடக்கும்போது யாரும் இவற்றைக் கேட்பதில்லை. கேட்கிற ஒரே கேள்வி, “அந்தப் பக்கம் ஏதாவது தெரியுதா?”

மோர்ப் பந்தலும் இஃப்தார் பந்தியும்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மயிலாப்பூரில் அறுபத்து மூவர். அன்று காலையில் சம்பந்தர் பூம்பாவையை உயிர்ப்பித்த நிகழ்ச்சியை நடத்திக் காட்டுவார்கள். பிற்பகலில் கபாலீசுவரருக்கு முன்னே அறுபத்து மூன்று நாயன்மார்களின் செப்புத் திருமேனிகள் மாட வீதிகளில் உலா வரும். லட்சக்கணக்கில் கூட்டம். வடசென்னையிலிருந்தும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஓரத்தில் நடப்பது. லஸ் முனையிலிருந்து மாட வீதிகள் வரை வீட்டு வாசல்களிலும் கடை வாசல்களிலும் நீர்மோர், பானகம், தயிர்சாதம், சுண்டல், புளியோதரை, குழந்தைகளுக்கு பிஸ்கட். கொடுப்பவர் யார் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. வாங்குகிறவர் யார் என்று கொடுப்பவரும் கேட்பதில்லை. ஒரு வாசலில் போய், “நானும் கொஞ்ச நேரம் ஊத்தவா?” என்று கேட்டுப் பாருங்கள். அகப்பையை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் அப்படித்தான் ஒரு வாசலில் மோர் ஊற்ற நின்றேன். அந்த வீட்டு அம்மா, “தம்பி, பெரியவங்களுக்கு முதல்ல குடு, டம்ளர ரொம்ப நிரப்பாத, தளும்பும்” என்று அதட்டியது, ஊரில் என் பெரியம்மா அதட்டுவது போலவே இருந்தது. மயிலாப்பூரைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தும், அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த முதல் வீடு அதுதான்.

மயிலாப்பூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இன்னொரு சான்று இருக்கிறது. திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல். ரமலான் மாதம் முழுக்க, மாலையில் நோன்பு திறக்கும் பந்தியில் பரிமாறுகிறவர்களில் பலர் இந்துக்கள். சூஃபிதார் என்ற அறக்கட்டளையின் தொண்டர்கள். பல பத்தாண்டுகளாக அவர்களே சமைத்துக் கொண்டுவந்து, உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குனிந்து பரிமாறுகிறார்கள். அந்த அமைப்பைத் தொடங்கியவர் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த ஒரு சிந்தி. இந்த ஆய்வு சொல்ல வருவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் தேட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் இழந்து முன்பின் தெரியாத நகரத்துக்கு வந்த ஒருவர், அந்த நகரத்தின் இன்னொரு சமூகத்துக்குச் சோறு பரிமாறும் வேலையை எடுத்துக்கொண்டார். இன்று அந்தப் பந்தி இல்லாமல் திருவல்லிக்கேணியின் ரமலானை நினைக்க முடியாது.

அதே திருவல்லிக்கேணியின் மேன்சன்களில்தான் தலைமுறை தலைமுறையாக வெளியூர்ப் பிள்ளைகள் தங்கி வேலை தேடியிருக்கிறார்கள். பள்ளிவாசல்களில் மாலையில் தரும் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு எல்லா மதத்தவரும் நிற்பது இந்த நகரத்தின் எத்தனையோ பேட்டைகளில் சாதாரணக் காட்சி. மாதக் கடைசியில் கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கஞ்சியின் அருமை தெரியும்.

174-உம் 426-உம்

இனி விடுபட்டவர்களைப் பற்றி. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பெருங்குடி, சோழிங்கநல்லூர், அம்பத்தூர், மாதவரம் எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. மேலே சொன்ன நிகழ்வுகளின் இடங்களைப் பாருங்கள்: ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர். ஆமை நடை கடக்கும் நீலாங்கரை, கொட்டிவாக்கம் பக்கத்தை விட்டால் எல்லாமே பழைய 174-க்குள். புதிதாக வருகிறவர்களில் பெரும்பகுதியினர் குடியேறுவதோ அதற்கு வெளியே. நிகழ்வுகள் ஓரிடத்தில், அவை யாருக்குத் தேவையோ அவர்கள் வேறிடத்தில். ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரிலிருந்து காலை ஆறரைக்குப் பாரிமுனை வந்து சேர ஐந்து மணிக்கே எழ வேண்டும்.

ஓ.எம்.ஆருக்கு வரலாறு இல்லை என்று சொல்வார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அங்கே நகரம் வருவதற்கு முன்பே இருக்கிறது. 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி எப்படிக் குப்பைக் கிடங்காகவும் கட்டடங்களாகவும் மாறியது என்பதே ஒரு நாள் முழுக்க நடந்து பேச வேண்டிய கதை. 2015 முதல் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இங்கே கைகொடுக்கிறது. பொங்கல் விடுமுறை நாட்களில் பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து, ஈபேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம்; பெரும்பாக்கம் ஏரிக்கரையில் தெரிந்தவர்களோடு நின்று செய்தால் இன்னும் நல்லது. பூநாரையும் நீலத் தாழைக்கோழியும் தன் அலுவலகக் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது தெரிந்தவர், அந்தச் சாலையைப் பிறகு வேறு கண்ணோடு பார்ப்பார். ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் பொங்கலுக்கு இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு இதை நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இதே பகுதியில், தாமாக விரும்பி வராத புதியவர்களும் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுப்பகுதியிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. தலைமுறைகளாகச் சென்னையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரே நாளில் சென்னைக்குள்ளேயே வெளியூர்க்காரர்களாக ஆக்கப்பட்டவர்கள். கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டபோது நகரம் படம் எடுக்கப் போனது. அந்த மக்கள் தாம் விட்டுவந்த தெருக்களைப் பற்றிப் பேச, மெட்ராஸ் வாரம் ஒரு மேடை தர வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையின் கரையோர வாழ்க்கையை அவர்களைவிட நன்றாக யார் சொல்லிவிட முடியும்?

குப்பத்து மக்களே விருந்தோம்புகிறவர்களாக இருந்து நடந்த முயற்சி ஒன்று உண்டு. 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, சபா மேடையில் மட்டும் கேட்டுவந்த இசையையும் பறையையும் மீனவர் குப்பத்தில் ஒரே மேடையில் வைத்தது. பக்கத்திலேயே குடியிருந்தும் அந்தக் குப்பத்துக்குள் கால் வைத்திராத பெசன்ட் நகர்க்காரர்கள் பலர் அங்கே வந்தார்கள். புதியவர்களுக்கு மட்டுமல்லாமல், பழைய சென்னைவாசிகளுக்கும் தம் நகரம் புதிதுதான் என்று காட்டிய விழா அது.

இரவும் விடுதிக் கதவும்

பெண்கள் விடுதிகளில் ஒன்பது, ஒன்பதரைக்குக் கதவை அடைத்துவிடுகிறார்கள். நள்ளிரவில் தொடங்கும் ஆமை நடைக்கு வர ஆசைப்படும் பெண், வார்டனிடம் அனுமதிக் கடிதம் எழுதி, ஊரில் அப்பாவைப் போனில் பேசவைத்து, அன்றிரவு தங்க ஒரு தோழியின் வீட்டைத் தேடி, இத்தனையும் செய்த பிறகுதான் மணலில் கால் வைக்க முடியும். ஆண் பிள்ளைக்குச் செருப்பை மாட்டினால் போதும். நிகழ்வு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லும்போது இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கட்டுமானத்திலும் ஓட்டல்களிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களைப் பற்றி நான் பார்த்த எந்த நிகழ்வும் யோசிக்கவில்லை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட முழு விடுப்பு கிடையாது. தி.நகரில் வங்காளிகள் நடத்தும் துர்கா பூஜை போல, வந்தவர்கள் தமக்கென்று கூடும் இடங்களை அவரவரே உண்டாக்கிக்கொள்கிறார்கள். தமிழர்கள் அங்கே போய் நிற்பது அரிது. போக வேண்டும், நம்மை வரவேற்கவே செய்கிறார்கள்.

இனி செய்யக்கூடியவை

நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். நடைக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் தெருவின் பழைய கடைப் பலகைகளைக் குறித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் ஒரு கடைக்காரரிடம் பேசி அவர் குடும்பம் அங்கே எப்படி வந்தது என்று கேட்டு எழுதட்டும். மற்றொருவர் மரங்களை எண்ணட்டும். அடுத்த மாதம் அதே முப்பது பேரும் கூடி, சேர்த்ததைப் படிக்கட்டும். இரண்டாவது சந்திப்பு இல்லாத நிகழ்வில் அறிமுகம் நட்பாவதில்லை. ஒவ்வொரு ஆங்கில நடைக்கும் ஈடாக ஒரு தமிழ் நடை வேண்டும். சோழிங்கநல்லூரிலும் மாதவரத்திலும் அம்பத்தூரிலும் உள்ள ஏரிகள், பழைய கிராமக் கோயில்கள், மூடிய தொழிற்சாலைகள் ஆகியவற்றைச் சுற்றியும் நடக்க வேண்டும். 2022 முதல் வார்டுகளில் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். வடிகாலும் தெருவிளக்கும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்தால், தன் வார்டு உறுப்பினரின் முகம் தெரிந்துவிடும்.

புதிதாக வந்தவருக்கு: எந்த மாதத்தில் வந்தாலும் ஏதாவது ஒன்று காத்திருக்கும். ஜனவரி என்றால் பறவைக் கணக்கெடுப்பு, வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி, பொங்கலையொட்டிப் பூங்காக்களில் நடக்கும் சென்னை சங்கமம், புத்தகக் காட்சி. பிறகு ஆமைகள், பங்குனி. ஆகஸ்டில் மெட்ராஸ் வாரம். அது முடியும் கையோடு 29-ஆம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறும், செப்டம்பர் 8 வரை நடைப்பயணமாகவே காவி உடையில் வந்துகொண்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் போக வேண்டாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். மூன்றாவது முறை உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

விடுதிக் கதவு அடைபடுகிற தோழிகளுக்குத் தனியாக ஒன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவது பெரும்பாலும் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு. கூட்டம் குஞ்சுகளை மிதித்துவிடாமல் இருக்க இருபுறமும் கயிறு பிடித்து நிற்க எப்போதும் ஆள் தேவைப்படும். போய்ப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஏழரைக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம்.